ஞானஸ்நானப் பதிவேடு



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடங்களில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். அவற்றுள் பிற்பகுதியைத் தலைமையாசிரியனாகக் கழித்தேன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வேளையில் என் மேசைமீது சேர்க்கைப் பதிவேடு விரிந்து கிடக்கும். பெயர், பிறந்த தேதி, தந்தையின் பெயர் ஆகியவற்றைத் தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர்கள், மதம், சாதி என்னும் கட்டங்களுக்கு வந்தவுடன் ஒரு கணம் நிற்பதுண்டு. சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வர். சிலர் முன்னிலும் உரக்கச் சொல்வர். பக்கத்தில் நிற்கும் பிள்ளையோ என் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருக்கும். தன்னைப் பற்றிய ஏதோ ஒன்று அங்கே முடிவாகிறது என்று அதற்குத் தோன்றும் போலும். அந்தப் பார்வையைக் கண்ட போதெல்லாம் சரித்திரத்தில் வரும் வேறொரு பதிவேடு என் நினைவுக்கு வந்ததுண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன்.

அது ஜெர்மனி நாட்டின் ஞானஸ்நானப் பதிவேடு. தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு வந்து இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சேற்றிய சீகன்பால்கு என்னும் பெரியார் பிறந்த நாடு அது. அங்கே ஒரு குழந்தை பிறந்தால் அதைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று நீரால் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெயர், பெற்றோர், நாள் ஆகியவற்றைப் போதகர் ஒரு பெரிய ஏட்டில் எழுதிவைப்பார். பிறப்பைப் பதியும் அரசாங்க அலுவலகங்கள் ஜெர்மனி முழுவதும் 1876-ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் ஏற்பட்டன. அதற்கு முற்பட்ட காலத்துக்குக் கோயில் ஏடுகளே சான்று. எந்தத் தச்சனுடைய மகன் எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றான் என்பதை எழுதிவைத்த அந்த ஏடுகள், தலைமுறை தலைமுறையாகக் கோயில் அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. 1933-ஆம் ஆண்டில் அவை திடீரென்று விழித்துக்கொண்டன.

அவ்வாண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் பிரதம மந்திரியானார். ஏப்ரல் 7-ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. அரசாங்க உத்தியோகத்தில் 'ஆரியர்' அல்லாதார் இருத்தலாகாது என்றது அது. ஆரியர் அல்லாதார் என்றால் யார்? பாட்டன் பாட்டிமார் நால்வருள் ஒருவர் யூதராக இருந்தாலும் போதும் என்று சில நாட்களில் ஒரு விதி விளக்கிற்று. ஆகவே, ஆசிரியர், நீதிபதி, மருத்துவர், எழுத்தர் என்று எல்லாரும் தம் பாட்டன் பாட்டிமாரைத் தேடிப் புறப்பட்டனர். 1933-இல் நாற்பது வயதான ஒருவருடைய பாட்டன் எப்போது பிறந்திருப்பார்? 1830-ஆம் ஆண்டை ஒட்டித்தானே! அப்பொழுது அரசாங்கப் பதிவு ஏது? கோயில் ஏடு ஒன்றுதான் உண்டு. நாடெங்கும் உள்ள போதகர்களுக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவர்களும் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, முத்திரை இட்டுச் சான்றிதழ் வழங்கினார்கள்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தின் தூய்மையைப் பற்றி அந்த ஆட்சியினர் மேடைதோறும் முழங்கினார்கள். அது விஞ்ஞானம் என்றும் சாதித்தார்கள். ஆனால் எந்த விஞ்ஞானிக்கும் இரத்தத்தில் யூத இரத்தம் இன்னது, ஜெர்மானிய இரத்தம் இன்னது என்று பிரித்துக் காட்டத் தெரியவில்லை. தெரியாது, ஏனெனில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே 1935-ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்களை வகுத்த பிறகு, நவம்பர் மாதத்தில் வெளிவந்த விதியில், பாட்டனோ பாட்டியோ யூத மதச் சமுதாயத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் அவர் இனத்தாலும் யூதரே என்று எழுதிவைத்தார்கள். இனத்துக்கு மதத்தையே சான்றாகக் கொண்டார்கள். இரத்தம் என்று அவர்கள் சொன்னதெல்லாம் உண்மையில் ஒரு போதகருடைய பேனா மையே ஆகும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தையைத் திருச்சபைக்குள் வரவேற்று எழுதிய வரி, அக்குழந்தையின் பேரனை உள்ளே விடுவதா வெளியே தள்ளுவதா என்பதைத் தீர்க்கும் வரியாயிற்று.

அக்காலத்து ஜெர்மனியில் யூதர்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர். மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இவர்களன்றி, யூதப் பெற்றோருக்கோ யூதப் பாட்டன் பாட்டிமாருக்கோ பிறந்து, கிறிஸ்தவர்களாக வளர்ந்த பலரும் இருந்தனர். தம்மை யார் என்று கேட்டால், 'ஜெர்மானியன், கிறிஸ்தவன்' என்றே அவர்கள் விடை சொல்லியிருப்பார்கள். நவீன காலம் மனிதனுக்கு ஒரு வாக்குறுதி அளித்திருந்தது. நீ எந்தக் குலத்தில் பிறந்தாய் என்பது பெரிதன்று, நீ உன்னை யாராக ஆக்கிக்கொள்கிறாயோ அதுவே நீ என்பது அந்த வாக்குறுதி. அதை நம்பியவர்கள் அவர்கள். அதே நவீன காலம், அட்டைகளும் முத்திரைகளும் தட்டச்சுப் பொறிகளும் கொண்டு, அந்த வாக்குறுதியை ஒரே சட்டத்தால் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அரசாங்கம் அப்படிச் செய்தது. திருச்சபை என்ன செய்தது என்பதல்லவா நம் கேள்வி? நாட்டு மக்களில் மூன்றில் இரு பங்கினர் லூத்தரின் சீர்திருத்த வழியில் வந்த புராட்டஸ்டண்டுகள். இவர்களுக்கு இருபத்தெட்டு மாநிலத் திருச்சபைகள் இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு தனியே பேச வேண்டிய ஒன்றாதலால் அதனுள் இன்று நான் புகவில்லை.

புராட்டஸ்டண்டுகளிடையே 1932-ஆம் ஆண்டில் 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்' என்னும் பெயரில் ஓர் இயக்கம் தோன்றியிருந்தது. இவர்களை நாத்திகர் என்றோ வேடதாரிகள் என்றோ எண்ணிவிடாதீர்கள். பலர் உண்மையான பக்தர்கள். பலர் இளம் போதகர்கள். முதல் உலகப் போரில் தோற்ற அவமானம், வேலையின்றித் தவித்த அறுபது லட்சம் மக்களின் துயரம், தொழிலாளர் கோயிலை விட்டு விலகிப் போன ஏக்கம் ஆகிய எல்லாம் அவர்கள் மனத்தை அரித்தன. 'நாடு விழித்தெழுகிறது, திருச்சபை மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கலாமா? காலத்தோடு சேர்ந்து நடக்க வேண்டாமா?' என்று அவர்கள் கேட்டார்கள். இனத்திலும் தேசத்திலும் அந்தச் சரித்திர வேளையிலும் கடவுள் தம்மை வெளிப்படுத்துகிறார் என்று அவர்கள் போதித்தார்கள். கிறிஸ்தவன் முதலில் ஜெர்மானியன், பிறகுதான் மற்றது என்றாயிற்று. கோயில்களில் கட்சிக் கொடிகள் ஏறின. நெருக்கடி என்பது எப்பொழுதும் சிறைச்சாலையாகவே வரும் என்று நாம் நினைக்கிறோம். அந்த நாட்டில் அது முதலில் ஒரு விருந்து அழைப்பைப் போலத்தான் வந்தது.

1933-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் திருச்சபைத் தேர்தல் நடந்தது. அதற்கு முந்திய இரவு ஹிட்லரே வானொலியில் தோன்றி இவ்வியக்கத்தை ஆதரிக்கும்படி பேசினார். அவர்களுக்கு மூன்றில் இரு பங்கு அளவில் வெற்றி கிடைத்தது. வானொலி நிலையத்தில் அமர்ந்து இதைச் சொல்லும்போது இன்னொரு வானொலிப் பேச்சும் என் நினைவுக்கு வருகிறது. ஹிட்லர் பதவியேற்ற இரண்டாம் நாள், பிப்ரவரி 1-ஆம் நாள், டீட்ரிக் பான்ஹோபர் என்ற இருபத்தாறு வயது இளம் போதகர் பெர்லின் வானொலியில் பேசினார். தலைவன் என்பவன் தன்னையே கடவுளாக்கிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றியது அப்பேச்சு. அது முடிவதற்கு முன்பே ஒலிபரப்பு நின்றுவிட்டது. அப்பேச்சாளரைப் பிறகு மீண்டும் சந்திப்போம்.

செப்டம்பர் மாதத்தில் பிரஷ்யத் திருச்சபையின் பேரவை கூடிற்று. உறுப்பினர்களில் பலர் கட்சியின் பழுப்பு நிறச் சீருடையில் வந்து அமர்ந்தமையால் அதற்குப் 'பழுப்புப் பேரவை' என்றே பெயர் வழங்கலாயிற்று. அரசாங்க உத்தியோகத்துக்கு இருந்த ஆரியர் விதியை அப்பேரவை திருச்சபைக்கும் எடுத்துக்கொண்டது. யூத வழியில் பிறந்தவர் போதகராக இருத்தலாகாது என்பது அதன் பொருள்.

அப்படிப்பட்ட போதகர்கள் நாடு முழுவதிலும் மிகச் சிலரே. 'இந்தச் சிலருக்காகப் பெரிய திருச்சபை அரசோடு மோத வேண்டுமா?' என்று அறிவாளிகள் பலர் கேட்டனர். ஆனால் வேறு சிலருக்கு இந்தச் சிறிய விதியில் எல்லாமே அடங்கியிருப்பதாகத் தோன்றிற்று. ஞானஸ்நானம் பெற்றவன் கிறிஸ்துவுக்குள் புதியவன் என்றால், அவன் பாட்டியின் பெயரைக் கேட்பதற்கு என்ன உரிமை? கேட்டால், அந்த நீருக்கு என்ன பொருள்? பெர்லினில் டாலெம் என்னும் பகுதியின் போதகர் மார்டின் நீமோலர் அக்கேள்வியைக் கேட்டவர்களுள் ஒருவர். அவர் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியாக இருந்தவர். ஹிட்லரின் கட்சிக்கே வாக்களித்தவர். அவர் தொடங்கிய போதகர் அவசரச் சங்கத்தில் சில மாதங்களில் சுமார் 7,000 போதகர்கள் சேர்ந்தனர்.

நவம்பர் 13-ஆம் நாள் பெர்லின் விளையாட்டு மாளிகையில் ஜெர்மானியக் கிறிஸ்தவர்களின் மாநாடு கூடிற்று. சுமார் 20,000 பேர் திரண்டிருந்த அக்கூட்டத்தில் ரைன்ஹோல்டு கிரௌசே என்பவர் பழைய ஏற்பாட்டை ஒதுக்க வேண்டும் என்றும், பவுலின் போதனையில் உள்ள யூதக் கூறுகளைக் களைய வேண்டும் என்றும் முழங்கினார். கைதட்டல் வானைப் பிளந்தது. அம்மனிதர் தொழிலால் ஓர் ஆசிரியர். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதனால் இதை மறைத்துவிட மனம் வரவில்லை. அப்பேச்சைக் கேட்டுத் திடுக்கிட்டுப் பலர் அவ்வியக்கத்தை விட்டு விலகினர். ஆனால் அந்த எண்ணம் விலகவில்லை. 1939-இல் ஐசனாக் நகரில், ஜெர்மானியத் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. புதிய ஏற்பாட்டையே வெட்டித் திருத்தி 1940-இல் அது வெளியிட்டது. ஐசனாக் எந்த ஊர் தெரியுமா? லூத்தர் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்த வார்ட்பர்க் கோட்டை நிற்கும் ஊர்!

எதிர்த்து நின்றவர்கள் 1934-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பார்மன் நகரத்துக் கோயில் ஒன்றில் கூடினர். 139 பிரதிநிதிகள், அவர்களுள் ஒரே ஒருவர் பெண். அவர்கள் ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான கார்ல் பார்த் என்னும் பேராசிரியர். இரு வாரங்களுக்கு முன்பு பிராங்க்பர்ட் நகரில் குழுவினர் மூவர் கூடியபோது, மற்ற இருவரும் பகலுணவுக்குப் பின் உறங்கச் சென்றுவிட, பார்த் மட்டும் கெட்டிக் காப்பியும் சுருட்டுமாக விழித்திருந்து எழுதி முடித்தாராம். லூத்தரன் திருச்சபை தூங்கிற்று, சீர்திருத்தத் திருச்சபை விழித்திருந்தது என்று அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆறு பகுதிகள் கொண்ட அவ்வறிக்கையின் சாரம் எளியது. திருச்சபை செவிகொடுக்க வேண்டியது கிறிஸ்து என்னும் ஒரே வார்த்தைக்கு. அதற்குப் பக்கத்தில் இனம், தேசம், தலைவன் என்று வேறெதையும் கடவுளின் வெளிப்பாடாக வைக்க இடமில்லை. அறிக்கையின்மீது நின்றமையால் இவர்களுக்கு 'அறிக்கையிடும் திருச்சபை' என்று பெயர் வந்தது. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பார்த் தம் பதவியை இழந்து, 1935-இல் தம் தாய்நாடு திரும்பினார்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடும். வீரர்கள் எழுந்தார்கள், அறிக்கை செய்தார்கள், சிறை சென்றார்கள் என்று முடித்துவிடலாம். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் அந்த அறிக்கையை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். 'யூதர்' என்ற சொல்லே அதில் இல்லை. அது ஒரு குறை என்பதை முதுமையில் பார்த்தும் ஒப்புக்கொண்டார்.

ஏன் இல்லை? அவர்கள் காக்க முற்பட்டது ஞானஸ்நானத்தின் மதிப்பை. ஞானஸ்நானம் பெற்ற யூத வழியினர் அந்த வேலிக்குள் இருந்தனர். பெறாதவர்? அவர்கள் திருச்சபையின் பொறுப்பல்லர் என்று பெரும்பாலோர் எண்ணினர். அரசு இரத்தத்தால் கோடு கிழித்தது. அதை மறுத்தவர்கள் நீரால் ஒரு கோடு கிழித்து, அதற்கு இப்பால் நின்றுகொண்டனர். என் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டாற்போல என்று சொல்லலாம்.

பான்ஹோபரே இதற்கு விலக்கல்லர். அவருடைய இரட்டைச் சகோதரியான சபீனேயின் கணவர் கெர்ஹார்டு லைப்ஹோல்ட்ஸ் சட்டப் பேராசிரியர். யூத வழியினர், கிறிஸ்தவராக வளர்ந்தவர். 1933 ஏப்ரலில் அவருடைய தந்தை காலமானார். தந்தை ஞானஸ்நானம் பெறாதவர். அடக்க வேளையில் பேசும்படி குடும்பத்தார் பான்ஹோபரை வேண்டினர். அவர் மேலதிகாரியைக் கலந்தார், அந்த நேரத்தில் ஒரு யூதரின் அடக்கத்தை நடத்துவது கூடாது என்றார் அதிகாரி, பான்ஹோபரும் மறுத்துவிட்டார். அதே மாதத்தில்தான் அவருடைய பாட்டி, தொண்ணூறு வயது மூதாட்டி, யூதர் கடைகளை மறித்து நின்ற கட்சி முரடர்களின் வரிசையைத் தாண்டிச் சென்று சாமான் வாங்கி வந்தார். பாட்டிக்கு இருந்த துணிவு அன்று பேரனுக்கு இல்லை. ஆனால் சில மாதங்களுக்குப் பின் மைத்துனருக்குக் கடிதம் எழுதி, தாம் எப்படி அவ்வளவு அஞ்சினோம் என்று வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். அவருடைய பிற்கால வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தை நான் மறப்பதில்லை. காந்தியடிகளிடம் வந்து கற்க வேண்டும் என்று அவர் விரும்பியதும், அடிகள் 1934 நவம்பரில் அவரை வரவேற்றுக் கடிதம் எழுதியதும், வர இயலாமற் போனதும் நம் நாட்டோடு அவருக்குள்ள தொடர்பு. 1943 ஏப்ரல் 5-ஆம் நாள் கைதானார்; 1945 ஏப்ரல் 9-ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில், பிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். சிறையில் அவர் எழுதிய கவிதை ஒன்றின் தலைப்பு 'நான் யார்?' என்பது.

இவரைப் பற்றி நூல்கள் ஏராளம், திரைப்படங்களும் உண்டு. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறவர் இன்னொருவர். பெயர் எலிசபெத் ஷ்மிட்ஸ். ஹனாவ் என்ற ஊரில் 1893-இல் பிறந்தவர். ஓர் ஆசிரியரின் மகள். பெர்லின் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம், சமயம், ஜெர்மன் மொழி ஆகிய மூன்று பாடங்களைக் கற்பித்தார். மேடையேறிப் பேசியவர் அல்லர். அமைதியான, மெலிந்த குரலுடைய உபாத்தியாயினி என்று எண்ணிக்கொள்ளுங்கள்; அத்தகையவர்களை நான் என் பள்ளிகளில் கண்டிருக்கிறேன். தலைமையாசிரியர் கூட்டத்தில் வாய் திறவார்கள். ஆனால் மாணவிகளுள் யார் காலையுணவு இன்றி வருகிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

யூத வழியில் பிறந்த கிறிஸ்தவப் பெண் மருத்துவர் ஒருவர் அவருக்குத் தோழி. வேலை இழந்த அத்தோழியைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். யூதப் பெண்ணோடு குடியிருக்கிறார் என்று அவர்மீது புகார் போயிற்று. அவர் பேராசிரியர் பார்த்துக்குக் கடிதங்கள் எழுதினார். யூதர்களைப் பற்றித் திருச்சபை வாய் திறக்க வேண்டும் என்று மன்றாடினார். பயனில்லாமற் போகவே, 1935-இல் தாமே ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

அவ்வறிக்கை எப்படிப்பட்டது? அதில் தத்துவம் குறைவு, செய்தி மிகுதி. எந்த ஊரின் எல்லையில் யூதர் நுழையலாகாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், வகுப்பறையில் யூதக் குழந்தையை மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், ஆசிரியர் என்ன செய்யாமல் இருக்கிறார் என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டு போகிறார். சரித்திரம் படித்தவரல்லவா! சான்றின்றி ஒரு வரி எழுதவில்லை. பிறகு திருச்சபையைப் பார்த்துக் கேட்கிறார். ஞானஸ்நானம் பெற்றவரைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பெறாத அயலானையும் சேர்த்தே கேட்கிறார். அந்த நீர்க்கோட்டை அவர் தாண்டிவிட்டார்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் அறிக்கையிடும் திருச்சபையின் பேரவை பெர்லினில் கூட இருந்தது; அதற்காகவே அவர் எழுதினார். பேரவையில் அது விவாதத்துக்கே வரவில்லை. சோர்ந்துவிடாமல், நியூரம்பர்க் சட்டங்களின் விளைவுகளையும் 1936-இல் பிற்சேர்க்கையாக எழுதிச் சேர்த்து, சுமார் 200 பிரதிகள் எடுத்துத் தெரிந்தவர் கைகளில் சேர்ப்பித்தார். தம் பெயரை அதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன நேரிட்டிருக்கும் என்பதை அறிய நீங்கள் இன்னொருவர் கதையைக் கேட்க வேண்டும். 1936-இல் அறிக்கையிடும் திருச்சபையின் தலைமைக் குழு, ஹிட்லருக்கே ஒரு விண்ணப்பம் அனுப்பிற்று. அது வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வெளியாகிவிடவே, அலுவலகத் தலைவர் பிரீட்ரிக் வைஸ்லரும் வேறு இருவரும் கைதாயினர். வைஸ்லர் ஞானஸ்நானம் பெற்றவர், யூத வழியினர். திருச்சபை அவரைத் தங்கள் ஊழியர் என்று உரிமையோடு காத்து நிற்கவில்லை. முகாமில் மற்ற இருவரிடமிருந்தும் அவரைப் பிரித்து அடைத்தனர். 1937 பிப்ரவரி 19-ஆம் நாள் அடித்தே கொன்றனர். மூவர் ஒரே குற்றச்சாட்டின்மேல் சென்றார்கள். அவருடைய பாட்டன் பெயர்தான் வேறாக இருந்தது.

1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு நாடெங்கும் யூதக் கோயில்கள் எரிந்தன. ஒரு வாரம் கழித்து டாலெம் கோயிலில் ஹெல்முட் கோல்விட்சர் என்ற இளம் போதகர், மனந்திரும்புதலைப் பற்றித் துணிவுடன் பிரசங்கித்தார். நீமோலர் அப்பொழுது முகாமில் இருந்தார். அப்பிரசங்கத்தைக் கேட்ட எலிசபெத் ஷ்மிட்ஸ் போதகருக்கு நன்றி கூறி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இவ்வளவு காலமும் நாம் வாளாவிருந்தோமே என்னும் துயரம் அதில் இருந்தது. யூதர் உடையில் ஓர் அடையாளம் தைக்கப்போவதாக வதந்தி உலவுகிறது என்றும் குறிப்பிட்டிருந்தார். அந்த மஞ்சள் நட்சத்திரம் 1941 செப்டம்பரில் உண்மையாகவே வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஏழு மாநிலத் திருச்சபைகள், நட்சத்திரம் அணிந்த கிறிஸ்தவர்களுக்குத் தங்களிடம் இடமில்லை என்று அறிவித்தன. சீகன்பால்கு பிறந்த சாக்சனியின் திருச்சபையும் அவ்வேழனுள் ஒன்று. தரங்கம்பாடிக்கு ஞானஸ்நானத்தைக் கொண்டுவந்தவருடைய ஊரிலேயே ஞானஸ்நானம் செல்லாக் காசாயிற்று.

அந்த நவம்பர் மாதத்துக்குப் பின் ஷ்மிட்ஸ் அம்மையார் வகுப்பறைக்குத் திரும்பவில்லை. அவ்வாண்டின் இறுதியில் கல்வி அதிகாரிகளுக்கு எழுதினார். தம் பாடங்களை இந்த அரசு எதிர்பார்க்கும் முறையில் கற்பிக்கத் தம்மால் இயலுமா என்பது தமக்குச் சந்தேகமாகி வந்தது என்றும், ஆகவே தம்மை ஓய்வு பெற அனுமதிக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகவே தெரிவித்தார். உடல்நலக் குறைவு என்று எழுதியிருக்கலாம்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தைந்து. மாணவர்களே, ஓர் ஆசிரியருக்கு வகுப்பறையை விட்டு வருவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. நான் உரிய வயதில், மாலையும் பாராட்டும் பெற்றுக்கொண்டு வந்தவன். எனக்கே அடுத்த ஜூன் மாதம் தாங்க முடியாததாக இருந்தது.

வியப்பான முறையில் அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. போர்க் காலத்தில் பெர்லினில் தம் வீட்டிலும், நகருக்கு வெளியே இருந்த ஒரு சிறு வீட்டிலும், வேட்டையாடப்பட்டவர்களை அவர் மறைத்துவைத்தார். குண்டுவீச்சில் வீடு அழிந்தபின் 1943-இல் ஹனாவுக்குத் திரும்பினார். போர் முடிந்து, 1946-இல் மீண்டும் பள்ளி ஆசிரியையாகி, 1958 வரை சரித்திரம் கற்பித்தார்.

வகுப்பில் அவர் தம்மைப் பற்றிப் பேசவில்லை. 1948-இல் அந்த அறிக்கை அச்சில் வெளிவந்தபோது, அதை எழுதியவர் வேறொரு பெண்மணி என்று பதிப்பாளர் பிழையாகக் குறித்துவிட்டார். சரித்திர நூல்களெல்லாம் அதையே எடுத்தெழுதின. அம்மையார் மறுத்து எழுதவில்லை. 1977-ஆம் ஆண்டு அவர் காலமானபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். 1999-இல்தான் அவருடைய பழைய மாணவியான ஒரு பெண் போதகர், அவ்வறிக்கை யாருடையது என்பதை உலகுக்குத் தெரிவித்தார்.

2004-ஆம் ஆண்டில் ஹனாவ் நகரில், திருச்சபைக் கட்டிடம் ஒன்றின் நிலவறையில் பழைய பொருள்களுக்கிடையே ஒரு தோற்பை அகப்பட்டது. அதைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே அவருடைய காகிதங்கள் இருந்தன. அறிக்கையின் வரைவு அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.